லாரி சந்துக்குள் திரும்பிய காரணம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் 'உள்ளொளி எங்கே' என்று என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. மற்ற எழுத்தாளர்களைக் கேட்டால் ஒரு துயரத்தில் பிறந்தது, ஒரு முகத்தில் பிறந்தது என்பார்கள். என் கதை 'பெருநகர்ப் பகுதிச் சரக்குப் போக்குவரத்துத் திட்டம் – வரைவு' என்ற, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய புத்தகத்தில் பிறந்தது. அதை வீடு வீடாகக் கொடுக்கப்போகிறார்கள். வெறும் வரைவைக் கொடுத்தால் மக்கள் அதன்மேல் பூந்தொட்டியைத் தூக்கி வைத்துவிடுவார்கள் என்று திட்ட அலுவலகத்தில் யாரோ சரியாகக் கணித்திருக்கிறார்கள். அதனால் முகப்பில் ஒரு கதை.

கதாநாயகன் லாரி ஓட்டுநராக இருக்க வேண்டுமாம். அவன் ஒரு குறிப்பிட்ட சந்துக்குள் தன் சொந்த விருப்பத்தோடு திரும்ப வேண்டுமாம். கடைசியில் எல்லோரும் சந்தோஷமாக இருக்க வேண்டுமாம். மற்றபடி எனக்கு முழுச் சுதந்திரம்.

என் நாவல்களைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்களோ என்று ஒரு நிமிடம் நெஞ்சை நிமிர்த்தினேன். இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றுக்கு நான் எழுதிய கையேட்டைத் திட்ட அலுவலகத் தலைவரின் மனைவி படித்திருக்கிறார். "யாருக்கும் கோபம் வராத நடை" என்று பாராட்டினாராம். வயிற்றுப் பிழைப்புக்கு எழுதியதுதான் என் பெயரைக் காப்பாற்றியிருக்கிறது.

2

தொடக்கம் ஒன்று: "காலை வெயில் முன்கண்ணாடியில் பட்டுத் தெறித்தபோது ஓட்டுநரின் மனத்தில் இனம்புரியாத ஓர்—"

[இனம்புரியாத எதுவும் அந்த நேரத்தில் அவன் மனத்தில் வராது. பின்னால் நிற்கிறவன் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்க மறந்திருக்கிறான். விட்டுவிட்டேன்.]

தொடக்கம் இரண்டு: "நகரம் வளர்ந்துகொண்டிருந்தது."

இது பரவாயில்லை, உண்மையும்கூட. எங்கள் நகரம் வளர்கிற வேகத்தில், போன வருஷம் ஊர் எல்லை என்று நட்ட பலகை இப்போது ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பறைக்குள் நிற்கிறது. ஆட்கள் வந்தால் அவர்கள் பின்னாலேயே கட்டில் வரும், பீரோ வரும், சிமெண்ட் வரும், வெங்காயம் வரும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி லாரியில் வந்தது. உங்கள் கையில் இருக்கும் இந்தத் தாளும் லாரியில்தான் வந்தது. ஆனால் எந்தத் தெருக்காரரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: சாமான் வாசலுக்கு வர வேண்டும், லாரி அடுத்த தெருவோடு போய்விட வேண்டும். எல்லாத் தெருவும் யாருக்கோ அடுத்த தெரு என்பதுதான் சரக்குப் போக்குவரத்தின் மொத்தச் சிக்கலும். இதைச் சொல்லத் திட்ட அலுவலகத்துக்கு நானூறு பக்கம் ஆகியிருக்கிறது. எனக்கு ஒரு பத்தி. சும்மா சொல்லி வைக்கிறேன்.

சரி, கதைக்கு வருவோம். ஓட்டுநரை லாரியில் உட்கார வைத்தேன். பிரதான சாலையில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"அண்ணே, இடது பக்கம் ஒரு சந்து இருக்கு பாருங்க. அதுல திரும்புங்க."

"எதுக்கு?" என்றான் ஓட்டுநர்.

"குறுக்கு வழி."

"நேரா போனா ஒரு சிக்னல், ஒரு பாலம், கிடங்கு வந்துரும். இந்தச் சந்துல பாருங்க, எவனோ மாடிப்படிய ரோட்டு மேலயே கட்டி வச்சிருக்கான். நான் ஏங்க இதுல போகணும்?"

"உங்க காதலி இந்தச் சந்துலதான் இருக்கா."

"இருந்தா லீவு நாள்ல பஸ்ல வந்து பாப்பேன். பத்து டன் இரும்புக் கம்பிய ஏத்திக்கிட்டு எவன் காதலிக்கப் போவான்?"

"சரி, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. மருந்து வாங்கணும்."

"எங்கம்மாவ ஏன் சார் வம்புக்கு இழுக்கறீங்க? அவங்க பாட்டுக்கு நல்லா இருக்காங்க."

(பாத்திரம் எழுத்தாளனை மீறி வளர்ந்துவிட்டது என்று சில பேர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். என்னுடையவன் வளரவெல்லாம் இல்லை. என்ஜினை அணைத்துவிட்டுக் காலை நீட்டிப் படுத்துவிட்டான்.)

3

பாத்திரம் அடம் பிடித்தால் எழுத்தாளன் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். வரைவில் அந்தச் சந்துக்குப் பெயர் கிடையாது. 'இணைப்பு 14-ஆ' என்று ஓர் எண், அதன்மேல் என் கட்டைவிரல் கனத்துக்குச் சிவப்பாக ஓர் அம்பு. அந்த அம்பை வரைந்த போக்குவரத்துப் பொறியாளரை இந்தக் கதையில் அம்புக்குறி என்றே அழைக்கிறேன்.* சந்து இருக்கும் இடத்தை அவர் என் கைப்பேசிக்கு அனுப்பினார். அதை ஆட்டோக்காரரிடம் காட்டினேன். ஆட்டோ நேராகப் போய் என் அக்காவின் கடை வாசலில் நின்றது.

(* அலுவலகத்திலும் அவருக்கு அதுதான் பெயர். காய்கறிக் கடைக்குப் போகும் வழியைக்கூட வீட்டில் அம்பு போட்டுத்தான் காட்டுவாராம். அவரே பெருமையாகச் சொன்னார்.)

தெரியும், நம்ப மாட்டீர்கள். கதையில் தற்செயலுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நானே மேடையில் முழங்கியிருக்கிறேன். என்ன செய்ய, இந்தத் தற்செயலை எழுதியது நானில்லை, ஆட்டோக்காரர். வரைபடத்தில் அந்தச் சந்து ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. நேரில் அது ஒரு திருப்பத்தில் குறுகி, ஒரு மாடிப்படிக்கு வழிவிட்டு, அக்கா கடை முன்னால் லேசாக மூச்சு வாங்கிவிட்டுப் போகிறது. எனக்கு அது அக்கா வீட்டுக்குப் போகிற வழி. 14-ஆ என்று எப்படித் தெரியும்?

கீழே கண்ணாடிக்கடை, மேலே வீடு. ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, படத்துக்குச் சட்டம் எல்லாம் செய்வார்கள். அக்கா அளவெடுப்பாள், கணக்குச் சொல்வாள், வாடிக்கையாளரோடு சண்டை போடுவாள். அத்தான் கண்ணாடி வெட்டுவார். கட்டரை இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிற பழக்கத்தில் அவர் பேச்சே குறைந்துவிட்டது. வரைவில் சாலையை அகலப்படுத்த 'இடப்புறக் கட்டடங்கள் கையகப்படுத்தப்படும்' என்று ஒரு வரி இருக்கிறது. இடப்புறம் யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

4

"இந்தச் சந்துல லாரி நிறைய வருமாக்கா?" என்று நைசாக நூல் விட்டேன்.

"லாரியா? குப்பை வண்டியே முக்குல நின்னுதான் மணி அடிப்பான்," என்றாள் அக்கா. பிறகு அளவு நாடாவைச் சுருட்டுவதை நிறுத்தினாள். "வந்துச்சுடா. ஒரே ஒரு நாள். காலையில ஆரம்பிச்சது, சாயங்காலம் வரைக்கும் வரிசை கட்டி வந்துச்சு. ஒருத்தன் கடைப் பலகையப் பேத்துட்டுப் போயிட்டான். சாத்தி வச்சிருந்த கண்ணாடி ஷீட்டு அத்தனையும் போச்சு. உங்க அத்தான் நடுரோட்டுல போய் மறிச்சு நின்னுட்டாரு."

"லாரிக்காரங்க என்ன சொன்னாங்க, அத்தான்?"

அத்தான் கட்டரைக் கீழே வைத்தார். "மெயின் ரோட்டுல யாரோ மேசை போட்டு உக்காந்திருக்காங்களாம். ஒவ்வொரு லாரியா ஓரங்கட்டி, எங்கேர்ந்து வர்ற, எங்க போற, என்ன சரக்கு, இந்த ரோட்டுல ஏன் வர்றன்னு கேள்வியாம். பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள கிடங்கப் பூட்டிருவாங்களாம். அதான் சந்துல பூந்து மேசையத் தாண்டிப் போயிட்டாங்க."

"அடுத்த நாள்?"

"மேசைய எடுத்துட்டாங்க. லாரியும் நின்னுருச்சு."

அந்த மேசை யாருடையது என்று எனக்குத் தெரியும். வரைவின் இரண்டாம் அத்தியாயமே அந்த மேசைதான்: 'விரிவான சரக்கு வாகனக் கணக்கெடுப்பு'. அதே அத்தியாயத்தில் இன்னொரு வரியும் உண்டு. சந்தின் முனையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கம்பத்தில் ஒரு கேமரா.

அதாவது, வாசகரே, லாரிகளை எண்ணப் போன மேசையைப் பார்த்து லாரிகள் ஓடின. ஓடிய லாரிகளைக் கேமரா எண்ணியது. பிரதான சாலையில் ஆளே இல்லை, சந்தில் திருவிழாக் கூட்டம் என்று கணினி புரிந்துகொண்டது. அதன்மேல் அம்புக்குறி ஓர் அம்பு வரைந்தார். அந்த அம்பின் கீழே என் அக்கா நிற்கிறாள்.

"ஏண்டா கேக்கற?" என்றாள் அக்கா.

சொன்னேன். அவள் கத்தவில்லை. கல்லாப்பெட்டியை ஒருமுறை திறந்து மூடினாள். "நிக்கவச்ச கண்ணாடிடா இது. தூக்கிட்டு இன்னொரு இடம் போறதுக்கு இது என்ன துணிக்கடையா?" என்றாள். "உடைஞ்ச ஜன்னலக் கையில எடுத்துக்கிட்டு நடந்து வர்றவங்கதான் நம்மகிட்ட வர்றாங்க. ஊருக்கு வெளியில போய் உக்காந்தா எவன் வருவான்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய தப்பைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷம் எவ்வளவு அசட்டுத்தனம் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

5

"தெரியுமே சார்," என்றார் அம்புக்குறி.

அவர் அறையில் சுவரெல்லாம் வரைபடம். உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, அன்பாகப் பேசினார். கெட்டவர் என்று எழுத முடிந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"மேசையப் பாத்துத்தான் சந்துல போனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். மேசை போட்டதே நான்தானே."

"அப்ப கணக்கு தப்புதானே?"

"எப்படித் தப்பாகும்? லாரி சந்துல போச்சா? போச்சு. கேமரா பொய் சொல்லுச்சா? சொல்லல." அவர் சுவரிலிருந்த சிவப்பு அம்பைப் பாசத்தோடு தடவினார். "இதுக்குப் பேரு விருப்பக் கோடு சார். லாரி எங்கேர்ந்து எங்க போக ஆசைப்படுதுன்னு காட்டும். ஆசை ஏன் வந்துச்சுன்னு கேக்கறது எங்க வேலை இல்ல."

"இன்னொரு தடவை எண்ணிப் பாக்கலாமே?"

"எண்ணணும்னா மறுபடி மேசை போடணும். போட்டா மறுபடி சந்துலதான் போவாங்க. ரெண்டாவது தடவையும் அதே ரிசல்ட் வந்துருச்சுன்னு வைங்க, அப்புறம் சந்தேகத்துக்கே இடமில்லாமப் போயிரும். உங்க அக்காவுக்கு அது இன்னும் மோசம். நான் அவங்களுக்காகத்தான் சொல்றேன்."

அவர் உண்மையாகவே அவளுக்காகத்தான் சொன்னார்.

"தலைவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டாரு," என்றார் தொடர்ந்து. "நல்ல ரோட்ட விட்டுட்டு லாரிக்காரங்க ஏன் அந்தச் சந்துல திரும்பறாங்கன்னு. அதுக்கு வரைவுல எழுதற மாதிரி எங்ககிட்ட பதில் இல்ல. அதனாலதான் உங்களக் கூப்பிட்டோம்."

ஆக, என்னிடம் கேட்டது கதை இல்லை. நானூறு பக்கத்தில் விடுபட்டுப் போன ஒரே ஒரு காரணம்.

6

காரணம் கிடைக்கவில்லை, முடிவுகள் மட்டும் கிடைத்தன.

முடிவு ஒன்று (அலுவலகம் விரும்பியது): சந்து அகலப் பாதையாகிறது. கண்ணாடிக்கடைக்காரப் பெண் புன்னகையோடு சாவியை அதிகாரியிடம் நீட்டுகிறாள். "ஊர் வளர்ந்தால் நாமும் வளர்ந்த மாதிரிதானே" என்கிறாள். ஓட்டுநர் கையசைக்கிறான்.

[இதை எழுதினேன். ஆமாம், எழுதிப் பார்த்தேன். நடை நன்றாகத்தான் வந்தது. அக்காவிடம் காட்டினேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். அவள் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தாள். "நான் எதுக்குடா சிரிக்கறேன்?" என்றாள். "ஆபீஸ்ல கேட்டாங்கக்கா." "அவங்க கேட்டா? கடைய வேணும்னா எடுத்துக்கட்டும், அவங்க கையில சட்டம் இருக்கு. நான் சிரிச்சேன்னு எழுத நீ யாரு?" நான் அந்தத் தாளைக் கிழித்தேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.]

முடிவு இரண்டு: தலைவர் தன் படத்துக்குச் சட்டம் போட அக்கா கடைக்கே வருகிறார். சந்தைப் பார்க்கிறார். கண் திறக்கிறது. வரைவைக் கிழிக்கிறார்.

[தலைவர்கள் சட்டம் போட ஆளனுப்புவார்கள். இதுவும் போச்சு.]

முடிவு மூன்று: திறப்பு விழா அன்று முதல் லாரியே திருப்பத்தில் மாட்டிக்கொள்கிறது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. நாடாவை வெட்ட வந்தவர்கள் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வாசகர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

[சிரிக்க மாட்டீர்கள். திறப்பு விழாவுக்குள் இடப்பக்கத்தை இடித்திருப்பார்கள். இடித்துவிட்டால் லாரி மாட்டாது, சர்ரென்று போகும். அப்புறம் மற்ற லாரிகளும் வரும். அடுத்த கணக்கெடுப்பில் அம்பு இன்னும் தடிக்கும். இந்தத் திட்டம் தப்பு என்று நிரூபிக்க முடிவது அது நிறைவேறும் வரைக்கும்தான்.]

ஓட்டுநரை எழுப்பிக் கேட்டேன். "உங்களுக்கு ஏதாவது முடிவு தோணுதா?"

"எனக்கு முடிவெல்லாம் வேணாம் சார். கம்பிய இறக்கணும். நேரா போகட்டுமா?"

"போங்க," என்றேன்.

அவன் வண்டியைக் கிளப்பி, நேராகப் பாலத்தின் மேல் ஏறிப் போய்விட்டான். இனி இந்தக் கதையில் கதாநாயகன் கிடையாது.

7

கதை எங்கே என்று அம்புக்குறி தொலைபேசியில் கேட்டார். அச்சகத்தில் காத்திருக்கிறார்களாம். பேச்சுவாக்கில் ஒரு வேண்டுகோளும் வைத்தார்.

"சார், கதைய நல்லா முடிச்சிருங்க. படிக்கறவங்களுக்குக் கேள்வி எதுவும் மிச்சமிருக்கக் கூடாது."

"இருந்தா என்ன?"

"எழுதிப் போட்டுருவாங்க சார். வரைவு பத்தி மக்கள்கிட்டேர்ந்து எழுத்துல எது வந்தாலும் நாங்க எழுத்துலயே பதில் சொல்லணும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா. எல்லாத்துக்கும் பதில் போற வரைக்கும் திட்டத்துல முத்திரை விழாது. விதி அப்படி. போன திட்டத்துக்கு ரிட்டயர்டு ஆள் ஒருத்தர் கவிதை அனுப்பிட்டாரு. 'தங்கள் கவிதையின் மூன்றாம் வரியில் வெளிப்பட்ட ஏக்கம் பரிசீலிக்கப்பட்டது'ன்னு பதில் தயார் பண்ணவே எங்களுக்கு ஒரு மழைக்காலம் போயிருச்சு. அவருக்குப் பதில் பிடிக்கல. இன்னொரு கவிதை அனுப்பிட்டாரு."

"அதுக்கும் பதில் சொன்னீங்களா?"

"சொல்லாம? அந்தத் திட்டமே இன்னும் மேசை மேலதான் இருக்கு."

"முடிவு நல்லபடியா இருக்கும்," என்று மட்டும் சொன்னேன். கையேடு எழுதுகிறவனின் குரலில், யாருக்கும் கோபம் வராதபடி.

(நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அலுவலகத்தில் யாரும் படிக்காமலே அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். எனக்கு அந்த நம்பிக்கை இருந்தது. படம் இல்லாத பக்கத்தை அங்கே யாரும் புரட்டிப் பார்த்தது கிடையாது.)

8

அச்சுக்குக் கொடுக்கும் முன் அக்காவிடம் முழுவதையும் காட்டினேன். போன தடவை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. கடையில் நின்றபடியே படித்தாள். அத்தானை ஓர் இடத்தில் சிரிப்போடு பார்த்தாள், எந்த இடம் என்று சொல்லவில்லை. கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"முடிவு எங்கடா?"

"படிக்கறவங்க எழுதுவாங்கக்கா. எழுதித் திட்ட ஆபீஸுக்குப் போடுவாங்க. லாரி ஏன் திரும்புச்சு, அப்புறம் உனக்கு என்ன ஆச்சுன்னு. ஒவ்வொரு முடிவுக்கும் அவங்க பதில் எழுதணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"எத்தனை பேர் எழுதறாங்களோ அவ்வளவு நாளைக்கு."

"யாரும் எழுதலேன்னா?"

நான் பதில் சொல்வதற்குள் ஒருவர் கடைக்குள் வந்தார். கையில் மடித்த தாளில் ஜன்னல் அளவுகள். புது வீடு கட்டுகிறாராம், பூச்சு வேலை நடக்கிறதாம். எல்லா ஜன்னலுக்கும் கண்ணாடி வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம், மழைக்காலம் முடிந்து வந்து போட்டுத் தர வேண்டும். இங்கே வேலை சுத்தமாக இருக்கும் என்று அண்டை வீட்டுக்காரர் சொன்னாராம்.

வரைவின்படி மழைக்காலம் முடிந்ததும்தான் இடப்பக்கத்தை எடுக்கப்போகிறார்கள்.

அக்கா தாளை வாங்கினாள். அளவுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள், ஓர் இடத்தில் "இது அகலமா, உயரமா?" என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அத்தான் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மழை முடிஞ்சு வந்து போட்டுருவீங்கல்ல?" என்று வந்தவர் கேட்டார்.

அக்கா அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதனால் நான் உங்களைப் பார்க்கிறேன். அலுவலகத்தின் முகவரி இந்த வரைவின் பின்னட்டையில் இருக்கிறது. நீளமாக எழுத வேண்டும் என்றில்லை, நடையெல்லாம் பார்க்க வேண்டாம். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள், அந்த மனிதர் இன்னும் கடையில் நின்றுகொண்டிருக்கிறார்.